‘எழுதியபடி ஆடினர்’ என்பார் கூற்று மறுப்பு

அண்மைக் காலத்தே சைவ அவைகளிலும் ஒரு கூற்று அடிக்கடி செவிப்படுகின்றது. அதனைக் கூறுவோர் நாத்திகர் அல்லர். திருநீறும் உருத்திராக்கமும் அணிந்த அன்பர்களே. புறத்தார் கூறின் வாளா இருந்துவிடலாம்; அகத்தார் கூறுதலின் மறுப்பு இன்றியமையாததாயிற்று.

அக்கூற்று வருமாறு: “ஒரு காப்பியத்துள் வரும் மாந்தர் அதனை ஆக்கிய புலவன் எழுதியபடியே நடப்பர். கோவலன் மாதவி மனை புகுந்ததும், பொற்கொல்லன் பொய் கூறியதும், பாண்டியன் ஆராயாது கொல்லுவித்ததும் இளங்கோவடிகள் எழுத்தாணியின் செயல். அடிகள் தாமும் ஊழ் என்று இடந்தோறும் சொல்லிச் செல்கின்றார். ஆகவே அம்மாந்தரைப் பழித்தல் அறியாமை. அதுபோலவே இவ்வுலகம் ஒரு நாடகம். உயிர்கள் அதன் பாத்திரங்கள். இறைவன் எழுதியபடி ஆடுகின்றோம். நம் செயலுக்கு நாம் பொறுப்பாளிகள் அல்லேம்.”

கேட்பதற்கு இது பணிவுடைமை போலவும் ஞானம் போலவும் தோன்றும். அவையோரும் தலையசைப்பர். ஆயின் இதனுள் முற்பாதி காப்பியத்தைக் கல்லாமையால் வந்தது; பிற்பாதி சித்தாந்தத்தைக் கல்லாமையால் வந்தது. இரண்டனையும் முறையே காட்டுதும். கோவலன் முதலியோர் மெய்யாக வாழ்ந்தவரோ, புலவர் புனைவோ என்பது ஈண்டு வழக்கன்று. நூலுள் நிற்கும் கதைமாந்தர் என்ற அளவிலேயே அவரைக் கொள்கின்றோம். நாயன்மார் வரலாற்றையும் கந்தபுராணச் செய்தியையும் இவ்வாராய்ச்சியுள் இழுத்திலம். அவை நமக்குப் புனைகதை அல்ல ஆதலின் என்க.

முதற்கண் பாண்டியன் செய்தியை நோக்குக. ஆடன்மகளிர் கூத்தினை அரசன் விரும்பிக் கண்டானென்று ஊடிய கோப்பெருந்தேவி, தலைநோவைக் காரணமாகக் காட்டி எழுந்து சென்றாள். அவ்வூடலைத் தணிக்கும் விரைவோடு அரசன் செல்லும் வழியிலே பொற்கொல்லன் இடைப்பட்டான். தேவியின் சிலம்பைத் தானே கவர்ந்து, அப்பழியைப் பிறன் ஒருவன்மேல் ஏற்றுதற்கு நேரம் பார்த்திருந்தவன் அவன். அவன் சொல்லைக் கேட்ட அரசன், கள்வன் கையில் அச்சிலம்பு உளதாயின் அவனைக் கொன்று சிலம்பைக் கொணருமாறு காவலரைப் பணித்தான். ஒரு வினா இல்லை, சான்று இல்லை, கள்வனை முன்னிறுத்துக என்ற சொல்லும் இல்லை. இவ்விடத்திலே அடிகள், வினை விளையும் காலமாதலின் அரசன் அவ்வாறு சொல்லினான் என்று குறிக்கின்றார். “கண்டீரோ, அரசன் நாவினை ஊழ் பற்றிக்கொண்டது” என்று எதிர்ப்பக்கத்தார் மகிழ்வர்.

மகிழற்க. ஆங்கே விளைந்த வினை யாருடையது? கோவலனுடையது. அவன் நுகர்தற்குரிய துன்பம் பழுத்து நின்றது. அது வந்து சேர்தற்குரிய வாயில் பலவாகலாம். நோய் ஆகலாம், பாம்பு ஆகலாம், வழிப்பறிப்போர் ஆகலாம். அவ்வாயிலாகத் தன்னை நேர்ந்துகொண்டவன் பாண்டியன். கோவலனுக்கு அது முன்செய்ததன் பயன்; பாண்டியனுக்கோ அது புதிதாகச் செய்த வினை. ஒரே வாள்வீச்சு ஒருவனுக்கு நுகர்ச்சியாகவும் மற்றொருவனுக்கு ஈட்டமாகவும் நிற்றலை எதிர்ப்பக்கத்தார் பிரித்தறிந்திலர். அவர் மயக்கம் முழுமைக்கும் வேர் இதுவே.

அன்றியும், அரசன் ஆணை பிறந்த பின்னும் கதை நேரே வாளுக்குச் சென்றுவிடவில்லை. காவலர் கோவலனைக் கண்டு, இவன் கள்வன் தோற்றத்தன் அல்லன் என்று தயங்கினர். பொற்கொல்லன் நகைத்து, களவு நூல் கூறும் எட்டுத் துணைகளை, மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என விரித்து, அவர் ஐயத்தைக் கரைக்க முயன்றான். இளங்காவலன் ஒருவன், மழைநாள் இரவில் தான் கண்ட கள்வன் ஒருவன் திறத்தைச் சொன்னான். அவர் இன்னும் ஒரு முடிபிற்கு வாராத நிலையிலே, கல்வியறிவில்லாத களிமகன் ஒருவன் வாளை எறிந்தான். எல்லாம் எழுதி முடிந்த செயலாயின் இத்தயக்கத்தை அடிகள் எதற்காகக் காட்டினார்? காவலர் ஒருவர் கையைப் பற்றித் தடுத்திருக்கலாம். அரசனிடம் மீண்டு சென்று கேட்டிருக்கலாம். அவ்வழி திறந்தே இருந்தது என்பதைக் காட்டவே அவ்வுரையாடல் நிற்கின்றது. இதனை விட்டுவிட்டு ஊழ் என்ற ஒரு சொல்லை மட்டும் பொறுக்கி எடுப்பார் நூல் கற்றாராகார்.

இனி வழக்குரைத்த காலத்தை நோக்குக. கண்ணகி அரசவையிற் சென்று, ஆவின் கண்ணீர் கண்டு தன் மகனையே தேர்க்காலில் இட்ட சோழன் பிறந்த ஊரினள் தான் என்று முதலிற் கூறினாள். அம்மன்னனை நினைவூட்டியது வீண்பெருமைக்கன்று. ஆன்கன்று இறந்தது கன்றின் ஊழ் என்று சொல்லி அவன் தப்பியிருக்கலாம், தப்பவில்லை. அந்த அளவுகோலை அவள் பாண்டியன் முன் வைத்தாள். பின்னர்ச் சிலம்பை உடைத்தாள். தேவியின் சிலம்பினுள் முத்து. இதனுள்ளிருந்து தெறித்தது மாணிக்கம். அந்நொடியில் பாண்டியன் யாது சொன்னான்? ஊழ் என்று சொன்னானா? சோதிடரை அழைத்தானா? பொற்கொல்லன் சொற்கேட்டதனைத் தன் குற்றமாகவே எடுத்துரைத்து, கள்வன் தானே என்று தன் வாயாற் கூறி, வீழ்ந்து உயிர் விட்டான். எழுத்தாணி பிடித்த புலவர் மன்னனுக்கு ஒளிந்துகொள்ள ஓர் இடம் வைத்திருந்தார்; அவன் அதனுள் புகவில்லை.

இச்செய்தியைச் சாத்தனார் சொல்லக் கேட்ட சேரன் செங்குட்டுவன் கருத்தும் இதுவே. பாண்டியன் கோலை வளைத்தது தீவினை. அதனை மீண்டும் நிமிர்த்தியது அவன் விட்ட உயிர் என்று அவன் பாராட்டினான். வளைத்தலை வினைக்குக் கொடுத்தவர், நிமிர்த்தலை மன்னன் உயிர்க்குக் கொடுத்தார். மன்னன் வெறும் பாவையாயின் நிமிர்த்தலும் வினையின் செயலாக அன்றோ கூறப்படும்?

கோவலனுக்கு வருவோம். ஆயிரத்தெட்டுக் கழஞ்சு விலை கூறிக் கூனி தெருவிலே நின்ற மாலையைக் கோவலன் கையை யாரும் பிடித்திழுத்து வாங்குவிக்கவில்லை. கானல்வரிக்கண் மாதவி பாட்டைப் பிறன்மேல் வைத்ததாகக் கருதி அவளைப் பிரிந்ததும் அவன் கொண்ட கருத்தே. ஊழ் உருத்தது என்று அடிகள் ஆங்கும் சொல்வர், உண்மை. ஆயின் மாதரி மனையிலே கொலைக்களம் செல்லும் முன்னர்க் கண்ணகியிடம் கோவலன் பேசும் பேச்சைக் காண்க. வறுமொழி பேசுவார் கூட்டத்திலே திரிந்ததும், பெற்றோர்க்குச் செய்யும் கடனை விட்டதும், இளையளாகிய அவட்குத் தீங்கிழைத்ததும் ஒவ்வொன்றாக எடுத்துத் தன் பிழையாகவே எண்ணுகின்றான். தன் வாழ்நாளில் அவன் மிகத் தெளிவாகப் பேசியது அன்றே என்பது எம் கருத்து. ஊழை உணராதவன் அல்லன். ஊழின் நிழலில் ஒதுங்காதவன்.

“அற்றேல், கோவலன் இறப்புக்கு மதுராபதித் தெய்வம் முற்பிறப்பைக் காரணம் காட்டியதே; அஃது அவன் பொறுப்பை நீக்கியதன்றோ” எனின், அதுவே அவன் பொறுப்பை உறுதி செய்தது என்க. கலிங்க நாட்டுச் சிங்கபுரத்து வசுவும் கபிலபுரத்துக் குமரனும் பகைத்திருந்த காலத்தே, கபிலபுரத்திலிருந்து மனைவியோடு வந்து அணிகலன் விற்ற சங்கமன் என்னும் வணிகனை, வசுவிடம் தொழில் செய்த பரதன் என்பான் பகைவர் ஒற்றன் என்று காட்டிக் கொல்லுவித்தான். சங்கமன் மனைவி நீலி பதினான்கு நாள் அலமந்து, மலையேறிச் சாபமிட்டு வீழ்ந்தாள். அப்பரதனே கோவலன். பொருளைக் கொண்டு விற்க வந்த அயலூர் வணிகன்மேல் பொய்ப்பழி, ஆராயாத அரசன், கணவனை இழந்து தெருவிலே அழுத மனைவி. பரதன் பிறர்க்குச் செய்தது என்னவோ அதுவே உருவம் மாறாமல் கோவலன்மேல் வந்து நின்றது. இது புலவன் விருப்பத்தால் எங்கிருந்தோ எறியப்பட்ட இடியா? அவன் வித்திய வித்து.

“பரதன் செய்ததும் அதற்கு முன்னை வினையால் எனலாமே” என்று பின்னும் கடாவுவார் உளர். வினை அநாதி என்பது நமக்கும் உடன்பாடே. வித்தும் மரமும் போலத் தொடர்வது அது. ஆயினும் ஒவ்வொரு கண்ணியிலும் உயிரின் இச்சையும் அறிவும் செயலும் புகுகின்றன. பழுத்து வந்து நுகரப்படுவது பிராரத்தம். அதனை நுகருங்கால் உயிர் விருப்பு வெறுப்புக் கொண்டு புதிதாக ஈட்டுவது ஆகாமியம். நுகர்ச்சி வரும் என்பது மட்டுமே வரையறை. வந்தபோது யாது செய்வாய் என்பது வரையறுக்கப்பட்டதன்று. அதுவும் வரையறுக்கப்பட்டதாயின் வேத சிவாகமங்களின் விதியும் விலக்கும் யாருக்காக? சரியை கிரியை யோக ஞானம் என நான்கு பாதம் வகுத்தது எதற்கு? கையும் காலும் கட்டுண்டு கிடப்பானை நோக்கி எழுந்து நட என்று எந்நூலும் விதியாது. இருவினையொப்பு என்று நம் ஆசிரியர் கூறும் பெரும்பேறும் இல்லையாய்ப் போம். வருகின்ற இன்பத்தையும் துன்பத்தையும் ஒப்ப நோக்குதல் உயிர் செய்யவேண்டியதொன்று ஆதலின்.

இவ்வேறுபாட்டை மணிமேகலை இன்னும் கூர்மையாக வைத்திருக்கின்றது. அது பௌத்த நூல். அதன் முடிபு நமக்கு மறுக்கற்பாலது. ஆயினும் இப்பொருளிலே அந்நூல் கூறும் ஒரு சொல், எதிர்ப்பக்கத்தார் வாயை அடைக்கப் போதும். உதயகுமரனுக்கு அஞ்சி மணிமேகலை காயசண்டிகை உருக்கொண்டு நின்றாள். மனைவியைத் தேடி வந்த விஞ்சையன் காஞ்சனன், அவளைத் தன் மனைவியென்றே கருதி, அரசிளங்குமரனோடு அவள் பேசுவதைக் கண்டு புழுங்கி, நள்ளிரவில் வந்த உதயகுமரனை வாளால் எறிந்தான். கந்திற்பாவை உதயகுமரன் வினையை வெளிப்படுத்தியது. முற்பிறப்பில் இராகுலனாய் இருந்தபோது, முனிவர்க்குச் சோறு ஆக்கவந்த மடையன் கால் தளர்ந்து வீழ, அவனை வாளால் வெட்டினான். அவ்வாளே இவ்வாளாய் வந்தது. எதிர்ப்பக்கத்தார் கொள்கைப்படி இவ்விடத்திலே காஞ்சனன் விடுதலை பெறவேண்டும். ஊழின் கருவியாயினான் என்று தெய்வமே சொல்லி அனுப்பவேண்டும். பாவை அவ்வாறு சொல்லவில்லை. உதயகுமரன் உயிரை உண்டது அவன் ஊழே ஆயினும், அறியாது நீ செய்த கொடுவினை உன்னையும் விடாது வந்து பற்றும் என்றே காஞ்சனனுக்குக் கூறிற்று. கொலையுண்டவன் கணக்கு வேறு, கொன்றவன் கணக்கு வேறு. உ.வே. சாமிநாதையர் 1898-இல் அச்சேற்றித் தந்த நூல் கையிலே இருக்க, அதனைத் திறந்து பாராமல் காப்பியங்களெல்லாம் ஊழ்வாதம் என்று பேசுவது என்ன துணிவு!

காப்பியம் இவ்வளவில் நிற்க. உலகம் நாடகம், இறைவன் அதனை எழுதினவன் என்ற பிற்பாதிக்கு வருவோம்.

புலவன் கதைமாந்தனை இல்லாமையிலிருந்து ஆக்குகின்றான். எழுதுவதற்கு முன் அம்மாந்தனுக்கு உயிர் இல்லை, விருப்பம் இல்லை, வினை இல்லை. இறைவன் உயிரை அங்ஙனம் ஆக்கினானா? பதியைப் போலவே பசுவும் பாசமும் அநாதி என்பது நம் சமயத்தின் அடிநிலை. இறைவன் உயிரைப் படைப்பதில்லை. ஆணவத்தால் கட்டுண்டு கிடக்கும் உயிருக்குத் தனு கரண புவன போகங்களை மாயையினின்றும் கூட்டுவிக்கின்றான். குயவன் மண்ணையும் ஆக்கினான் என்பார் இல்லை. அவன் நிமித்த காரணன், மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம். உயிரின் வினைக்கு ஏற்ற உடலைக் கொடுத்தவன் அவ்வினையையும் எழுதிவைத்தான் என்றல், நோய்க்கேற்ற மருந்தைக் கொடுத்த மருத்துவன் அந்நோயையும் உண்டாக்கினான் என்றலோடு ஒக்கும். உவமை எடுப்பார் உவமேயத்தின் இயல்பை முதலில் அறியவேண்டும். ஏகான்மவாதிகள் இவ்வுவமையை எடுத்தால் அவர் கொள்கைக்கு ஒருவாறு பொருந்தலாம். சைவ சித்தாந்தி எடுத்தால் தன் மூன்று பொருளையும் தானே இடித்தவனாவன்.

சமணரும் பௌத்தரும் வினை தானே சென்று பயனைக் கொடுக்கும் என்பர். வினையோ சடம், செய்த அப்பொழுதே கெடுவது. பல பிறவி கடந்தும் செய்தவனைத் தேடிப் பிடிக்கும் அறிவு அதற்கு ஏது? சிங்கபுரத்துப் பரதனே புகாரிற் பிறந்தான் என்பதை வினை எவ்வாறு அறியும்? அறிந்து கூட்டுவான் ஒருவன் வேண்டும். அவனே இறைவன் என்பதனை மெய்கண்டார் இரண்டாம் சூத்திரத்தில் நிறுவினார். அவ்வாறு கூட்டுதலும் வன்கண்மை அன்று. மருத்துவன் சில நோய்க்குச் சீழைக் கீறுவன், சில நோய்க்குப் பாலும் சர்க்கரையும் கலந்து ஊட்டுவன். இரண்டும் நோய் தீர்த்தற்கே என்று அருணந்தி சிவாசாரியார் காட்டினார். ஆகவே அடிகள் காப்பியத்தில் நமக்கு ஒவ்வாதது ஊழ் உண்டு என்பதன்று. அதனைக் கூட்டும் முதல்வனைச் சொல்லாது விட்டதே. எதிர்ப்பக்கத்தாரோ அடிகள் விட்ட இடத்திலே முதல்வனைக் கொண்டுவந்து வைத்து, அவன் தலையிலே பழியையும் வைத்துவிட்டார். சமணரேனும் இறைவனைப் பழித்திலர். நம்மவர் பத்தியின் பெயராலேயே பழித்தார்.

இது வெறும் ஏட்டு வழக்கன்று என்பதனை ஒரு செய்தியால் காட்டுதும். ஓரூரில் குருபூசைக்கென விட்ட நிலத்தின் நெல்லைப் பல்லாண்டு தம் களஞ்சியத்திற் சேர்த்துக்கொண்ட ஒருவரை, யாமும் வேறு சிலரும் சென்று கேட்டோம். அவர் கண்ணை மூடிக்கொண்டு, எல்லாம் அவன் ஆட்டுவித்தபடி என்றார். உடன் வந்தோரில் இருவர் அவருடைய பத்தியை வியந்து திரும்பினர்! அதே பெரியவர் அதே கோயிலில் ஒரு மண்டபத்திற்குத் தளம் இட்டபோது, உபயம் என்று தம் பெயரையும் தந்தை பெயரையும் சலவைக்கல்லிற் பொறித்தார். நெல்லை எடுத்தது இறைவன் செயல். தளம் இட்டது தம் செயல். ஆட்டுவிப்பான் என்று கல்லிலும் பொறிக்க வேண்டியதுதானே?

எல்லாம் இறைவன் செயல் என்னும் சொல் பொய்யன்று. அதனைச் சொல்லுதற்கு உரியார் உளர். அவனோடு ஒன்றாய் நின்று, தன் பணி என்ற ஒன்று இன்றி இறைபணியிலே நிற்பானை மலமும் மாயையும் வினையும் தாக்கமாட்டா என்று பத்தாம் சூத்திரம் கூறும். அந்நிலை நின்ற சிவஞானி, வந்த பெருமையையும் தன்னதாகக் கொள்ளான். அவன் வாய்ச்சொல்லைக் களஞ்சியக்காரர் கடன் வாங்கிக்கொண்டார். பெரியவர் அணிந்த உடையை எடுத்து அணிந்து கொள்வோரைக் கள்வர் என்று உலகம் சொல்லும். சொல்லை எடுத்து அணிந்து கொள்வோரை மட்டும் அடியார் என்று வணங்குகின்றோம்.

இக்காலக் கதைகளையும் திரைப்படங்களையும் பற்றி ஒரு சொல். தீயோன் இறுதியிலே வண்டி கவிழ்ந்தோ தீப்பற்றியோ ஒழிவதனை வினைப்பயன் என்று பலர் மகிழ்கின்றனர். அது பயன் அன்று. கதையை முடித்தற்குப் புலவன் கண்ட எளிய வழி. செய்ததற்கும் வந்ததற்கும் உறவு தெரியவேண்டும். வந்ததனை அம்மாந்தன் எவ்வாறு எதிர்கொண்டான் என்பது அதனினும் தெரியவேண்டும். இவ்விரண்டும் இல்லாத கதையிலே மாந்தர் பாவைகளே. அவ்வளவிற்கு எதிர்ப்பக்கத்தார் கூற்றை உடன்படுகின்றோம்.

சிலப்பதிகாரத்திலும் எமக்கு உறுத்துவது ஒன்று உண்டு. அதனை மறைப்பது வழக்குரைக்கு அழகன்று. கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன், ஒருவன் சொன்ன பொய்க்காகப் பொற்கொல்லர் ஆயிரவரைக் கண்ணகிக்குப் பலியிட்டான். மதுரையில் எரி மூட்டும்போது முதியோர், குழவி, ஆ, பத்தினிப் பெண்டிர் முதலாயினாரை விலக்கித் தீயோரையே சேர்க என்று பணித்தவள் கண்ணகி. அவள் காட்டிய அவ்வரையறையை அவள் பெயரால் பலியிட்டவன் காத்திலன். பொய் கூறியவன் ஒருவன். மற்றையோர் செய்தது யாது? நூல் இதற்கு விடை கூறவில்லை. ஆயினும் இதனையும் ஊழின் செயல் என்று அடிகள் மூடவில்லை. செழியன் செய்தான் என்றே உரைத்தார். அது செழியன் ஈட்டிய ஆகாமியம்.

கடைசியாக ஒரு தடை. “குற்றம் செய்தார் ஏற்றுக்கொண்டது இருக்கட்டும், அது புலவர் காட்டும் உயர்ந்தோர் இயல்பு. எளிய மாந்தர் பழியை யார்மேலாவது ஏற்றித்தானே ஆறுவர்” என்று ஓரன்பர் எம்மிடம் கேட்டார். மாதரி அரசியா? மோர் விற்கும் இடைக்குல முதுமகள். கவுந்தியடிகள் ஒப்படைத்த இருவரையும் தன் மனையில் வைத்துச் சோறிட்டாள்; அதற்குமேல் அவள் அறிந்தது ஒன்றுமில்லை. கோவலன் சிலம்பை விற்கப் போனதும், பொற்கொல்லன் வஞ்சித்ததும் அவள் கையில் இல்லை. அவளை ஒருவரும் குற்றம் சாட்டவுமில்லை. அடைக்கலப் பொருளை இழந்தேன் என்று சொல்லி அவள் எரியிற் புகுந்தாள். செய்தி கேட்ட கவுந்தியடிகள், இவர்களைத் தன்னோடு அழைத்து வந்ததனை எண்ணி உண்ணாது உயிர் நீத்தார். அவ்விருவர் கொண்ட முறை நமக்கு உடன்பாடோ அன்றோ என்பது வேறு வழக்கு. எழுதியபடி நடந்தது என்று சொல்லி அமைதற்கு அக்கதையுள் எல்லாரினும் உரிமை மிகுந்தோர் அவ்விருவரே. அவர் வாயில் அச்சொல் வரவில்லை என்பதே ஈண்டு வேண்டுவது.

எதிர்ப்பக்கத்தார்க்கு இன்னும் ஐயம் உளதாயின், இன்ன காதை, இன்ன சூத்திரம் என்று இடஞ்சுட்டி இப்பத்திரிகைக்கே எழுதுவாராக. அவையிற் கேட்டது, பெரியோர் சொன்னது என்பன விடையாகா. இடஞ்சுட்டி வரும் மறுப்புக்கு யாமும் இடஞ்சுட்டியே விடை எழுதுவோம்.